பிழைக்குப் பெயர் வைப்போம்



இன்றைய பேச்சு கணினி நிரலைப் பற்றியது. நிரல் என்ற சொல்லைக் கேட்டதும், "இது நமக்கு ஆகாத காரியம்" என்று வானொலியை அடைத்துவிட வேண்டாம். புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கும், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் பெற்றோருக்கும் இதில் செய்தி இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர் இதழ்களில் புதிர்வழி என்ற ஒன்றை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு மூலையில் முயல், மறு மூலையில் கேரட், இடையில் வளைந்து வளைந்து போகும் சந்துகள். "முயலுக்கு வழி காட்டுங்கள்" என்று கீழே எழுதியிருக்கும். அத்தகைய புதிர்வழியைக் கணினி வரைய வேண்டும் என்றால், அதற்கு எப்படிச் சொல்வது? சந்து, சுவர், வாசல் என்றால் கணினிக்கு விளங்காது. எண்ணாகச் சொன்னால் விளங்கும்.

தாளில் மேலிருந்து கீழாக மூன்று வரிசைகள் வையுங்கள். வரிசைக்கு நான்கு புள்ளிகள். இனி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இலக்கம் கொடுப்போம். 0 என்றால் அந்தப் புள்ளியிலிருந்து கோடு கிடையாது. 1 என்றால் வலப்பக்கத்துப் புள்ளிக்கு ஒரு கோடு. 2 என்றால் கீழே உள்ள புள்ளிக்கு ஒரு கோடு. 3 என்றால் வலப்பக்கமும் கீழுமாக இரண்டு கோடுகள். இடப்பக்கமும் மேலும் போகும் கோடுகளை அந்தந்தப் பக்கத்துப் புள்ளிகள் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் விதி.

இப்போது முதல் வரிசைக்கு 3, 1, 1, 2 என்று எழுதுங்கள். இரண்டாம் வரிசைக்கு 2, 2, 0, 0. மூன்றாம் வரிசைக்கு 1, 1, 1, 0. விதிப்படி கோடுகளை இழுத்துப் பாருங்கள். நீள்சதுரமான ஒரு பெட்டி கிடைக்கும். வலப்பக்கச் சுவரின் கீழ்ப்பாதி மட்டும் திறந்திருக்கும். அதுதான் வாசல். உள்ளே கீழ்ப்பாதியில் ஒரு தடுப்புச் சுவர் நிற்கும். வாசலில் நுழைந்து, தடுப்பைச் சுற்றி மேலே ஏறி, இடக்கோடியின் கீழறைக்கு இறங்கலாம். மிகச் சிறிய புதிர்வழி, ஆயினும் புதிர்வழிதான்.

நாங்கள் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்பவர்கள். பள்ளியின் கணினி மன்றத்துக்காக, இப்படி எண்களைப் படித்துப் படம் வரையும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதினோம். பைத்தான், நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி. தொடக்க மாணவருக்கும் எளிதில் பிடிபடும்.

எழுதும்போது எங்களுக்கு ஒரு கவலை இருந்தது. நிரலில் ஏதாவது தவறினால், திரையில் ஆங்கிலத்தில் நீளமான அறிவிப்பு ஓடும். அதைக் கண்டு பிள்ளைகள் மிரண்டுவிடுவார்களே என்று எண்ணினோம். ஆகவே, அறிவிப்பு வரக்கூடிய ஓட்டைகளையெல்லாம் அடைத்து வைத்தோம். ஒரு வரிசையில் இலக்கம் குறைந்தால், கடைசியில் 0 சேர்த்து நிரப்பிக்கொள். வேறு எந்தப் பிழை வந்தாலும், வாய் திறக்காமல் கடந்து போ என்று எழுதினோம். அன்பு செய்வதாகத்தான் நினைத்தோம்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, நாம் சற்றுமுன் வரைந்த அதே படத்தைத் தாளில் அழகாக வரைந்தாள். பிறகு எண்களைத் தட்டினாள். முதல் வரிசையில் இரண்டு 1 அடுத்தடுத்து வருகின்றன அல்லவா? அதில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. 3112 என்பது 312 ஆயிற்று. எங்கள் நிரல் ஒன்றும் சொல்லாமல் ஒரு 0 சேர்த்து, அதை 3120 ஆக்கிக்கொண்டது. திரையில் படம் வந்தது. வலக்கோடியின் மேலறைக்குக் கூரையைக் காணோம். வலப்பக்கச் சுவரோ ஓர் அறை உள்ளே தள்ளி நின்றது.

அந்தப் பிள்ளை திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். அழிப்பானை எடுத்து, தாளில் சரியாக இருந்த கோடுகளை அழிக்கத் தொடங்கினாள்.

"ஏன்மா அழிக்கிறே?" என்று கேட்டோம்.

"கம்ப்யூட்டர் தப்பா போடுமா டீச்சர்? நான்தான் தப்பா வரைஞ்சிட்டேன்" என்றாள்.

நேயர்களே, அந்தப் பதில் எங்களைச் சுட்டது. அவள் செய்த தவறு ஓர் இலக்கத்தை விட்டது. அதைச் சொல்லியிருந்தால், அரை நிமிடத்தில் திருத்தியிருப்பாள். நாங்கள் அதை மூடி மறைத்ததால், அவள் சரியாகச் செய்த வேலையின் மேல் பழி விழுந்தது. தவறைத் திருத்த வாய்ப்பும் போயிற்று. தன் கையின் மேல் இருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. எப்படியோ ஒரு படத்தைக் காட்டிவிடும் நிரல், ஒன்றும் காட்டாத நிரலைக் காட்டிலும் தீங்கானது என்பதை அன்றைக்குக் கற்றோம்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவில் இருக்கும். பால் மரம் வெட்டியவர்கள் வாளிகளைச் சுமந்துகொண்டு, பால் நிறுக்கும் கொட்டகையின் முன் வரிசையாக நிற்பார்கள். கிராணி ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டுப் பார்ப்பார். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதை அது காட்டிவிடும். அதற்குப் பிறகே பால் பெரிய தொட்டிக்குப் போகும். சோதனை ஏன் கொட்டகை வாசலிலேயே நடக்கிறது? தொட்டியில் கலந்த பின், எந்தப் பால் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. அப்போது பழி எல்லார் மேலும் விழும். அல்லது தவறே செய்யாத ஒருவர் மேல் விழும்.

நிரலுக்கும் அதுவே முறை. வெளியிலிருந்து வரும் தகவலை உள்ளீடு என்கிறோம். அதை நுழையும் இடத்திலேயே சோதிக்க வேண்டும். சோதிக்காமல் விட்டால் என்ன நடக்கும்? 312 என்ற வரிசை உள்ளே போய்விடும். வரையும் பகுதி நான்காம் இலக்கத்தைத் தேடும், கிடைக்காது. உடனே பைத்தான், 'இண்டெக்ஸ் எரர்' என்று அலறும். தவறு நடந்த இடம் வேறு. அலறல் கேட்கும் இடம் வேறு. படித்தவர்களே குழம்பிப் போவார்கள்; பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இங்கேதான் 'எக்ஸெப்ஷன்', அதாவது விதிவிலக்கு, என்ற ஏற்பாடு உதவுகிறது. நிரல் வழக்கமான வழியில் போக முடியாதபோது, வேலையை நிறுத்தி, காரணத்தைச் சொல்லும் ஒரு செய்தியை மேலே அனுப்புகிறது. பைத்தானில் 'ரெய்ஸ்' என்ற சொல்லால் அந்தச் செய்தியை எழுப்புகிறோம். 'டிரை' என்ற பகுதிக்குள் வேலையைச் செய்து பார்க்கிறோம். எழுந்த செய்தியை 'எக்ஸெப்ட்' என்ற பகுதி பிடித்துக்கொள்கிறது. இது நேற்று முளைத்த கருத்து அன்று. ஜான் குட்இனஃப் என்ற அறிஞர் 1975ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி விரிவாக ஓர் ஆய்வுரை எழுதினார். பார்பரா லிஸ்கோவும் அவருடைய குழுவினரும் 1970களில் உருவாக்கிய 'குளூ' என்ற மொழியிலும் இந்த ஏற்பாடு இருந்தது.

பைத்தான் தானாகவே பல விதிவிலக்குகளை வைத்திருக்கிறது. 'வேல்யூ எரர்' என்றால் மதிப்பு சரியில்லை; 'இண்டெக்ஸ் எரர்' என்றால் இல்லாத இடத்தைத் தேடியாயிற்று. இவை பொதுப் பெயர்கள். மருந்தகத்துக்குப் போனவரிடம், "உமக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதுமா? எங்கே வலி, என்ன காரணம், என்ன மருந்து என்று சொல்ல வேண்டாமா? ஆகவே, புதிர்வழிக்கென்றே சொந்தமாகச் சில பெயர்களை உண்டாக்கினோம். 'கிளாஸ்' என்ற சொல்லைக் கொண்டு இரண்டே வரியில் இதைச் செய்யலாம். 2008ஆம் ஆண்டு வெளிவந்த பைத்தான் 3 தொட்டு, இந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம் என்பது நமக்கு ஒரு வசதி.

முதலில் 'புதிர்வழிப்_பிழை' என்று ஒரு தாய்ப் பெயர் வைத்தோம். அதன்கீழ் இரண்டு பிள்ளைகள். ஒன்று 'உள்ளீட்டுப்_பிழை', மற்றது 'அமைப்புப்_பிழை'. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

எழுதியிருப்பதைப் படிக்கவே முடியவில்லை என்றால், அது உள்ளீட்டுப் பிழை. கோப்பு காலியாக இருக்கலாம். வரிசைகளின் நீளம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். 0 தட்ட வேண்டிய இடத்தில் ஓ என்ற ஆங்கில எழுத்து விழுந்திருக்கலாம்.

படிக்க முடிகிறது, ஆனால் அது புதிர்வழி ஆகாது என்றால், அமைப்புப் பிழை. நம் முதல் வரிசை 3113 என்று இருந்தால் என்ன ஆகும்? நான்கு இலக்கங்களும் முறையானவை, நீளமும் சரி. ஆனால் கடைசிப் புள்ளி வலப்பக்கம் கோடு போடச் சொல்கிறது. வலப்பக்கத்தில் புள்ளியே இல்லையே! அதேபோல், கடைசி வரிசையில் 2 அல்லது 3 வந்தால், கோடு கீழே தாளை விட்டு இறங்கிவிடும். ஆகவே, கடைசி நிரலில், அதாவது மேலிருந்து கீழாக வரும் வலக்கோடிப் புள்ளிகளில், 1, 3 கூடாது. கடைசி வரிசையில் 2, 3 கூடாது.

முதல் வகையைச் சோதித்து முடித்த பிறகே இரண்டாம் வகைக்குப் போக வேண்டும். நீளமே தெரியாதபோது, கடைசி இலக்கம் எது என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவதாக ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். நாற்புறமும் சுவர் அடைத்து, வாசலே இல்லாத ஒரு படத்தை ஒரு பிள்ளை தருகிறது என்று வையுங்கள். இது பிழையா? நாங்கள் முதலில் பிழை என்றே நினைத்தோம். எண்ணிப் பார்த்தால், அது பிழை அன்று. அது ஒரு விடை. "இதில் 0 வாசல்கள் உள்ளன" என்று சொல்வதே நிரலின் கடமை. கேள்விக்கு நமக்குப் பிடிக்காத விடை வந்தால், கேட்டவர் மேல் குற்றம் சாட்டலாமா?

சரி, பெயர் வைத்தாயிற்று. செய்தியை எப்படி எழுதுவது? இங்கே நாங்கள் மறுபடியும் சறுக்கினோம். வரிசைகளின் நீளத்தைச் சோதிக்க, முதல் வரிசையை அளவுகோலாக வைத்து மற்றவற்றை ஒப்பிட்டோம். அந்த மாணவியின் எண்களையே போட்டுப் பார்த்தோம். "2ஆம் வரிசையில் 4 இலக்கங்கள் உள்ளன; 3 இருக்க வேண்டும்" என்று செய்தி வந்தது! குறைந்தது முதல் வரிசை. குற்றவாளிக் கூண்டில் நிற்பது இரண்டாம் வரிசை. அந்தச் செய்தியை நம்பினால், பிள்ளை சரியான வரிசையிலிருந்து ஓர் இலக்கத்தை எடுத்துவிடுவாள். அழிப்பான் கதை மறுபடியும் நடந்திருக்கும்.

சொந்தமாக விதிவிலக்கு வைத்துக்கொள்வதன் பெரிய நன்மை இங்கே தெரிந்தது. அது ஒரு பெயரை மட்டுமல்லாமல், நாம் வேண்டிய விவரங்களையும் தன்னோடு சுமந்து செல்லும். எல்லா வரிசைகளின் நீளத்தையும் அதனிடம் கொடுத்தோம். இப்போது செய்தி இப்படி வந்தது: "வரிசைகளின் நீளம் ஒத்துப்போகவில்லை. 1ஆம் வரிசை 3, 2ஆம் வரிசை 4, 3ஆம் வரிசை 4." எது தவறு என்று நிரல் தீர்ப்புச் சொல்லவில்லை, அது கண்டதை மட்டும் சொல்கிறது. தீர்ப்பைப் பிள்ளையே சொல்வாள்.

இன்னொரு சிறு செய்தி. பைத்தான் 0 முதல் எண்ணும். அதற்கு நம் முதல் வரிசை 0ஆம் வரிசை. செய்தி எழுதும்போது ஒன்றைக் கூட்டிச் சொல்ல மறந்தால், பிள்ளை அடுத்த வரிசையைத் திருத்தப் போய்விடும்.

வாசலில் யாரை விடுவது என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டும். வரியின் முடிவில் தெரியாமல் விழுந்த இடைவெளியையும், கோப்பின் இறுதியில் உள்ள வெற்று வரியையும் மன்னிக்கலாம். அவற்றால் பொருள் மாறாது. ஓர் இலக்கத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பொருளை மாற்றும். அங்கே மன்னிப்புக் கூடாது.

ஒரு மாணவன் குறும்பாக, 3 என்பதற்குத் தமிழ் எண்ணான ௩ என்பதைத் தட்டினான். நிரல் அதை ஏற்றுக்கொண்டது! எங்களுக்கே வியப்பு. எழுத்தை எண்ணாக மாற்றும் 'இன்ட்' என்ற பைத்தான் கட்டளை, ௦ முதல் ௯ வரையுள்ள தமிழ் இலக்கங்களையும் அறிந்து வைத்திருக்கிறது. பத்தைக் குறிக்கும் ௰ என்பதை மட்டும் ஏற்காது. மகிழ்ச்சிதான், ஆனால், நாம் அறியாமல் ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என்பதும் உண்மை. ௧ என்ற இலக்கமும் க என்ற எழுத்தும் பார்வைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே, ஏற்கப்படும் இலக்கங்களைப் பட்டியலாக எழுதி வைத்தோம். தமிழ் இலக்கங்களையும் அதில் சேர்த்தோம்; இந்த முறை தெரிந்தே சேர்த்தோம்.

"பிள்ளைகளின் படத்துக்கு இத்தனை பாடா?" என்று சிலர் கேட்கலாம். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து, ஐரோப்பாவின் ஆரியான் 5 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறத்தாழ 40 விநாடிகளில் அது திசை தவறி வெடித்துச் சிதறியது. நல்ல வேளை, ஆட்கள் யாரும் அதில் இல்லை. நான்கு செயற்கைக் கோள்கள் அழிந்தன.

என்ன நடந்தது? ராக்கெட்டின் நிலையை அளக்கும் கருவியின் நிரல், முந்தைய ஆரியான் 4 ராக்கெட்டில் இருந்தது. புதிய ராக்கெட்டின் வேகம் கூடுதல். அதனால் வந்த பெரிய எண் ஒன்றை, 64 பிட் அளவிலிருந்து 16 பிட் அளவுக்குச் சுருக்கும்போது இடம் கொள்ளவில்லை. விதிவிலக்கு எழுந்தது, பிடிக்க ஆள் இல்லை, கருவி நின்றது. துணைக் கருவியிலும் அதே நிரல். அது ஒரு கணம் முன்னரே நின்றுவிட்டது. நின்ற கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பை, முதன்மைக் கணினி உண்மையான பறப்புத் தகவல் என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. வந்த எண் எத்தகையது என்று அது கேட்கவில்லை. எங்கள் நிரல் 3120 என்று வரைந்ததற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு, தன்மையில் ஒன்றே.

நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு இரண்டு சொற்கள். எல்லாப் பிழைகளையும் ஒரே எக்ஸெப்டில் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விடாதீர்கள். நீங்கள் பெயர் வைத்தவற்றை மட்டும் பிடியுங்கள். எதிர்பாராத பிழை வந்தால், அது சத்தம் போடட்டும். அதுதான் உங்கள் தவறைக் காட்டும். மேலும், தாய்ப் பெயரை முதலில் எழுதினால், பிள்ளைப் பெயர்களுக்கு வேலையே வராது. பைத்தான் மேலிருந்து பார்த்து, பொருந்தும் முதல் பகுதியோடு நின்றுவிடும். ஆகவே, குறிப்பான பிழைகளை முதலிலும், பொதுவானதைப் பின்னரும் எழுதுங்கள்.

அடுத்த வாரம் மன்றம் கூடியபோது, அந்த மாணவியிடம் நடந்ததைச் சொன்னோம். "அன்றைக்கு உன் படம் சரி, எங்கள் நிரல்தான் தவறு" என்றோம். பழைய 312ஐ மறுபடி தட்டச் சொன்னோம். படம் வரவில்லை; செய்தி வந்தது. விரலால் ஒவ்வொரு வரிசையாக எண்ணினாள். "ஓர் 1 விட்டுட்டேன் டீச்சர்" என்று தானே திருத்தினாள். பெட்டி ஒழுங்காக வந்தது. பிறகு, வேண்டுமென்றே தவறான எண்களைக் கொடுத்து நிரலை ஏமாற்ற முடிகிறதா என்று தோழிகளோடு போட்டி போடத் தொடங்கினாள். அவர்கள் கண்டுபிடித்த தவறான கோப்புகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறோம். நிரலில் ஒரு வரி மாற்றினாலும், அத்தனையையும் மறுபடி ஓட்டிப் பார்க்கிறோம்.

அன்பார்ந்த நேயர்களே, ஆசிரியர்களான நாங்கள் சிவப்பு மையால் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டுப் போவதுண்டு. பெற்றோரும் "தப்பு" என்று ஒரு சொல்லோடு நிறுத்துவதுண்டு. சில வேளைகளில், பிள்ளை வருந்துமே என்று தவறைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். இரண்டும் பிள்ளைக்கு உதவாது. எந்த வரிசையில், எந்த இடத்தில், என்ன குறைந்தது என்று சொல்லிக் கொடுப்போம். மீதியைப் பிள்ளையே செய்துகொள்ளும். அடுத்த முறை நோட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது, பிழைக்கு முதலில் ஒரு பெயர் வைத்துப் பாருங்கள்.